பேய்க்குப் பத்தியம்

தாழையூர் அரண்மனையில் வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடிந்தால் போதும், அமைச்சர் அனந்தப்பன் மேல் பேய் வந்துவிடும். சாதாரணப் பேய் இல்லை. ராஜா மகுடராயனைப் பெற்ற அப்பா, போன வருஷம் காலமான பெரியராயர்!

அமைச்சர் கண்ணை உருட்டுவார். உடம்பைக் குலுக்குவார். நேரே போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு, "டேய் மகுடா! அதிரசம் எங்கேடா?" என்பார். வாழ்நாள் முழுக்க ராஜா முன்னால் கைகட்டி நின்ற மனுஷன், அந்த 'டேய்'யை எவ்வளவு ருசித்துச் சொல்வார் தெரியுமா! ராஜாவோ தேம்பித் தேம்பி அழுவார். பாவம், அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர்.

அரசவை விகடகவி பூவராகனுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, போன வெள்ளிவரைக்கும். அன்றைக்குப் பேய், "பேத்தி மரகதவல்லியை நம்ம அனந்தப்பன் மகனுக்குக் கட்டிக்கொடு. அடுத்த வெள்ளி வந்து முகூர்த்தம் குறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த மகன் குதிரைக்குப் பயந்து பல்லக்கிலேயே போகிறவன். போகிற வழியெல்லாம் பல்லக்குத் தூக்குகிறவர்களைச் சவுக்கால் அடிக்கிறவன். மரகதவல்லி அழுதுகொண்டே பூவராகனிடம் ஓடி வந்தாள்.

"அப்பாகிட்டக் கெஞ்சிப் பார்த்துட்டேன். செத்துப்போன தாத்தா சொல்லைத் தட்ட முடியாதுங்கிறார். நீங்கதான் ஏதாவது செய்யணும்."

பூவராகன் ராஜாவிடம் போய் நேராகவே சொன்னார்: "மகாராஜா, பேய் பிசாசு எல்லாம் மனசு பண்ற வேலை. இதை நம்பிப் பெண்ணைக் கொடுத்துடாதீங்க."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்போ எங்கப்பா பேசினது பொய்யா? அந்தக் குரலைக் கேட்டா எனக்கு நெஞ்சை அடைக்குதே, அதுவும் பொய்யா? இன்னொரு தடவை இப்படிப் பேசினா, நீ ஊரைவிட்டே போகவேண்டியதுதான்!"

பூவராகன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பேய் இல்லை என்று சொல்லி இவரிடம் ஜெயிக்க முடியாது. சரி, இருக்கிறது என்றே சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே வைத்தியர் காளத்தி வீட்டுப் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேயும் வந்தது. தட்டு நிறைய அதிரசமும் வந்தது. தட்டைக் காலி செய்துவிட்டுப் பேய் ஒரு ஏப்பம் விட்டு, "முகூர்த்தம்..." என்று ஆரம்பித்ததும் பூவராகன் தடாலென்று அதன் காலில் விழுந்தார்.

"பெரியராயரே! உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல! நீங்க சாட்சாத் நீங்களேதான்!"

பேய் மீசையை நீவிக்கொண்டது. "பிழைச்சுப் போடா."

பூவராகன் கவலையோடு ராஜா பக்கம் திரும்பினார். "ஆனா மகாராஜா, பெரியவர் நீரிழிவுல போனவர். அதிரசத்தைக் கண்ணாலகூடப் பார்க்கக்கூடாதுன்னு வைத்தியர் சொன்னாரே. இப்படிச் சாப்பிட்டா என்ன ஆகிறது?"

"செத்தவனுக்கு ஏதுடா நோய்?" என்று பேய் சீறியது.

"அதிரசம் இறங்க வயிறு இருக்குங்களே. வயிறு இருந்தா நோயும் இருக்கும்தானே?"

ராஜா துள்ளி எழுந்தார். "ஐயோ, ஆமாம்! வைத்தியம் பாதியில நின்னுபோனது எனக்கு இன்னிக்கும் ஆறலை. கூப்பிடு வைத்தியரை!"

வைத்தியர் வாசலிலேயேதான் நின்றிருந்தார். கையில் ஒரு சொம்புக் கசாயம். வேப்பம்பட்டையும் நிலவேம்பும் பாகற்காய்ச் சாறும் சேர்ந்து கொதித்தது. அந்த நெடிக்கே காவல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ராஜா தன் கையாலேயே அப்பாவுக்குப் புகட்டினார். பேய் கண்ணில் நீர் வழிய வழிய முழுங்கியது. இளவரசி மருமகளாக வருவதென்றால் ஒரு சொம்புக் கசாயம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருக்கும்.

அப்புறம் வைத்தியர் அட்டைகள் நெளிகிற ஜாடியைத் திறந்தார். "கெட்ட ரத்தத்தை எடுக்கணும். முதுகைக் காட்டுங்க."

அமைச்சர் சிம்மாசனத்திலிருந்து ஒரே குதி. "மகாராஜா! பெரியராயர் மலையேறிட்டார்! இது நான், அனந்தப்பன்!"

பூவராகன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா மகாராஜா? மருந்தைக் கண்டதும் பெரியவர் என்ன சொல்லுவார், ஞாபகம் இருக்கா?"

ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. "'நான் ராஜா இல்லை, தோட்டக்காரன்'னு சொல்லிட்டு ஓடுவார்! அப்பாவேதான்! பிடிங்கடா, விடாதீங்க!"

காவலர்கள் அமுக்கிப் பிடித்தார்கள்.

"சத்தியமா நான் அனந்தப்பன்!"

"சத்தியமெல்லாம்கூடப் பண்ணுவார்" என்றார் பூவராகன்.

"என்மேல எந்தப் பேயும் வரலை!"

"கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா" என்று உருகினார் ராஜா.

முதல் அட்டை முதுகில் கவ்வியது.

"ஐயோ! எல்லாம் வேஷம் மகாராஜா! இளவரசியை என் மகனுக்குக் கட்டிவைக்க நான் போட்ட நாடகம்! உங்கப்பா குரலைக் கண்ணாடி முன்னால நின்னு பழகினேன்! கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இதைப் பிடுங்கச் சொல்லுங்க!"

 ராஜா விலகிப் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பிறகு அட்டையை எடுக்கச் சொன்னார். அமைச்சரையும் மகனையும் ஊரைவிட்டே துரத்தச் சொன்னார். மகளை வரவழைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இதை எப்படி நம்பினேன் பூவராகா?" என்றார் ராஜா.

"அப்பாவை ஒரு தடவை பார்க்க மாட்டோமான்னு ஏங்கினீங்க. அந்த ஆள் அதைக் கண்டுபிடிச்சுட்டார். ஏங்கினதுல தப்பே இல்லை மகாராஜா."

ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்பவாவது சொல்லு. பேய்ன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்லை எல்லாம் மனசுதானா?"

"மனசுதான்னு சொன்னா ஊரைவிட்டுத் துரத்துவீங்க. அதனால ஒரு யோசனை சொல்றேன். இனிமே யார் மேல பேய் வந்தாலும் முதல்ல இந்தக் கசாயத்தைக் கொடுங்க. குடிச்சிட்டு 'இன்னொரு சொம்பு கொண்டா'ன்னு கேட்டா, அது நிஜப் பேய்தான். மனுஷனால முடியவே முடியாது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டார்.