நகராத நாற்காலி

சங்ககிரியில் ஒரு வண்டிப் பட்டறை. அங்கே ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். ஆறு பேர் தூக்கினால்தான் அது நகரும். முதலாளி ராசகணபதிக்குப் பெரிய மனது. அதை நகர்த்தும் வேலையை, பட்டறையைப் பெருக்குகிற செங்கம்மாள் ஒருத்திக்கே கொடுத்தார்.

“சாயங்காலத்துக்குள்ள தொட்டிக்கு அடியிலயும் பெருக்கியிருக்கணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“தள்ளுறதுக்குச் சக்கரம் வாங்கித் தருவீங்களா?”

“சல்லிக்காசு தரமாட்டேன். பட்டறையில நகராம சும்மா கிடக்கிறது எதுவானாலும் எடுத்துக்கோ.”

“எதுவானாலுமுங்களா?”

“ஒரு தடவை சொன்னா புரியாதா?” வெல்டர்கள் நாலு பேரும் சிரித்தார்கள்.

செங்கம்மாள் மூலையில் கிடந்த இரும்புக் கட்டிலின் குழாய்க்கால்களை அறுத்துக் குட்டையாக்கினாள். நாலு காலிலும் சக்கரம் செருகினாள். ஜாக்கியால் தொட்டியை மூலை மூலையாக உயர்த்தி, கட்டிலை அடியில் தள்ளினாள்.

சாயங்காலம் முதலாளி ஒரு விரலால் தள்ளினார். தொட்டி ஓடியது.

“எப்படி நம்ம யோசனை?” என்று வெல்டர்களிடம் கேட்டுவிட்டு, தன் அறைக்குப் போய்ச் சுழல் நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலியும் அவரோடு சாய்ந்தது. அதன் ஐந்து சக்கரங்களில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“எவ கழட்டினது?” என்று தரையிலிருந்தே கத்தினார்.

“நானுங்க. பதினோரு வருசமா அதைச் சுத்தியேதான் பெருக்குறேன். ஒரு நாளும் நகரலீங்க.”

இந்தத் தடவை வெல்டர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாளும் செங்கம்மாள் வேலைக்கு வந்தாள். நாற்காலி இருந்த இடத்தைப் பெருக்கினாள். இரண்டரை முறம் குப்பை.