பாதிக் கம்பளி

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது. மனசில் இருப்பதை மறைப்பதற்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு மலையுச்சியில் மாராயி என்று ஒருத்தி கேழ்வரகு போட்டுப் பிழைத்தாள். காட்டுப்பன்றி வராமல் காவல் காத்தது செம்பான் என்ற நாய். மார்கழி பிறந்தால் அங்கே பானைத் தண்ணீரின் மேலேயே பனி ஆடை கட்டும். மாராயி தான் சாப்பிடுவதற்கு முன்னால் செம்பானைப் பார்த்துவிடுவாள். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர், வெடித்த பாதத்துக்கு விளக்கெண்ணெய், ஈரம் ஏறாமல் கீழே வைக்கோல், அதன்மேல் ஒரு பழைய கம்பளி. செம்பான் அதில் ராஜா மாதிரி படுத்திருக்கும்.

அந்த வருஷம் விறகுக் குவியலில் ஒரு பூனைக்குட்டி கிடைத்தது. தாயைக் காட்டுப்பூனை அடித்துவிட்டது. மாராயி குட்டியை உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கினாள்.

"செம்பா, உன் கம்பளில பாதிய இதுக்குக் கிழிச்சுக்கட்டுமாடா? பாவம், கிடுகிடுன்னு நடுங்குது."

"கிழிச்சுக்கோ ஆத்தா. எனக்கென்ன, உடம்பெல்லாம் முடி இருக்கே" என்றது செம்பான்.

வாய்தான் அப்படிச் சொன்னது. வயிறு பற்றி எரிந்தது. மாராயி சரிபாதியாகத்தான் கிழித்தாள். ஆனால் குட்டிக்குப் போனது கெட்டியான பாதி, தனக்கு வந்தது நைந்த பாதி என்று செம்பானுக்குத் தோன்றியது. தன் பாதத்துக்கு முதலில் எண்ணெய் தடவினாள், சரி. குட்டிக்கு ஏன் அவ்வளவு நேரம் தடவுகிறாள்? அந்தக் கடுகளவு பாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? இதையே யோசித்து யோசித்து அதற்குக் களிகூட இறங்கவில்லை.

போதாக்குறைக்குக் குட்டி, "அண்ணா, அண்ணா" என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். மாராயி ஆடுகளைப் பட்டியில் அடைக்கப் போயிருந்தாள். குட்டி அடுப்படியில் பால் நக்கிக்கொண்டிருந்தது. செம்பான் குட்டியின் கம்பளியைக் கவ்விக்கொண்டு கொல்லைக்கு ஓடியது. குழி பறித்துப் புதைத்து மண்ணைத் தள்ளி மூடியது. படுக்கை இல்லாவிட்டால் சனியன் தானாக விறகுக்குவியலுக்கே போய்விடும் என்பது அதன் கணக்கு.

மாராயி திரும்பி வந்தாள். "குட்டி, கம்பளி எங்கடி?"

"தெரியல ஆத்தா. பால் குடிச்சுட்டு வந்தேன், காணோம்."

"செம்பா, நீ பாத்தியா?"

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"காக்கா கம்பளியத் தூக்குமாடா?"

"பெரிய காக்கா ஆத்தா."

மாராயி அதன் மூக்கைப் பார்த்தாள். மூக்கெல்லாம் மண். செம்பான் அவசர அவசரமாக நக்கிக்கொண்டது.

அன்றைக்கென்று வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. குட்டிக்கு உடம்பு விறைக்கத் தொடங்கியது. "கண்ணு சொருகுதே! இப்படியே விட்டா பொழைக்காது" என்று மாராயி பதறினாள். அதைத் தூக்கி மடியில் போட்டு, தன் போர்வையால் தன்னோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

மடி! காவலுக்கு வந்த நாளிலிருந்து செம்பானுக்கு ஒருதரம்கூடக் கிடைக்காத மடி. கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் குட்டி கீழே இறங்கிவிடும். "நான் போய்த் தேடிப் பாக்குறேன் ஆத்தா" என்று கொல்லைக்குப் பாய்ந்தது.

கொல்லை முழுக்க உறைபனி. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தது. உறைந்த மண்ணில் வாசனை எழும்பவில்லை. இங்கே கீறியது, அங்கே கீறியது, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். புதைத்ததை ஒப்புக்கொண்டால் மாராயி மண்வெட்டியோடு வருவாள். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவேண்டுமே.

நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"கெடச்சுதாடா?"

"இல்ல ஆத்தா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. குட்டிக்கு உயிர் வந்திருந்தது. "அண்ணா, நீயும் வா. இங்க எடம் இருக்கு."

மாராயியும் போர்வையை விலக்கிக் காட்டினாள். போயிருக்கலாம். ஆனால் அந்தக் குட்டி கூப்பிட்டு, தான் போவதா? "எனக்கு வேலை இருக்கு" என்று செம்பான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தன் பாதிக் கம்பளிக்குப் போனது. படுக்க மனம் வரவில்லை. கொல்லையில் மற்ற பாதியைத் தேடிய நினைப்பிலேயே இங்கேயும் கீறிப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடியும் கீறியது. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சுருண்டுகொண்டது.

அன்று முதல்தான் மெத்தையே விரித்துப் போட்டாலும் நாய் தரையைக் கீறி, சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் படுக்கிறது; பூனை யாரையும் கேட்காமல் மடியில் ஏறிக்கொள்கிறது.