திராட்சை என்று எழுதிய பாட்டில்

"என் கணினியில நல்லாத் திறக்குது, டீச்சர். ஊர்க்காரங்க போன்ல மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

குன்னூரில் மூன்று நாளாக மழை விடவில்லை. மண்சரிவு எச்சரிக்கை எழுதி அனுப்புவது சற்குணத்தின் வேலை. அலுவலகத்தில் மின்சாரம் போய்விட்டதால், மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பெனடிக்டாவின் வீட்டுக்கு ஓடி வந்திருந்தார். அவருக்கு வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொடுப்பவள் அவள். அவர் மகளைவிடச் சின்னவள்.

அவர் மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்தார்.

"ஊர்க்காரங்க போன்ல இருக்கற எச்சரிக்கைச் செயலி எக்ஸ்எம்எல்ங்கற வகைக் கோப்பைத்தான் வாங்கும். அதைத்தான் அனுப்பினேன். மூணு தடவை."

"அது எக்ஸ்எம்எல்னு எப்படித் தெரியும்?"

"பேருலயே இருக்கே."

மணி ஐந்தே கால். சரிவுக்கு அடியில் நாற்பது வீடுகள். போகிற பாதையில் மரம் விழுந்து கிடந்தது. அழைத்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. செயலியின் சங்கு ஊதினால்தான் வெளியே வருவார்கள். ஆறு மணிக்குமேல் இருட்டில் யாரும் வெளியேற முடியாது.

பெனடிக்டா அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்டது. டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"என்னது இது, சார்?"

"திராட்சை ஒயின்."

"குடிக்கவே இல்லையே."

"பாட்டில்ல ஒட்டியிருக்கு."

அவள் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொல்லுங்க, சார்."

"அங்க நாப்பது வீடு இருக்கு, டீச்சர்."

"தெரியும்."

கோபத்தோடு ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். மழையில் பிடுங்கிய கிழங்கின் மண்வாசம். நாக்கின் ஓரத்தில் இஞ்சி சுரீரென்றது.

"பீட்ரூட்," என்றார்.

டம்ளரை வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். கோப்பை இந்த முறை உலாவியில் திறக்கவில்லை. வெறும் எழுத்தாகத் திறந்தார். முதல் வரியே தன்னை வலைப்பக்க வகையான ஹெச்டிஎம்எல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பழைய வலைப்பக்கத்தை உலாவியில் பார்த்துவிட்டு, பெயரின் வாலை மட்டும் எக்ஸ்எம்எல் என்று மாற்றி மூன்று முறை அனுப்பியிருக்கிறார். தொடக்கமும் முடிவும் காட்டும் குறிகளான டேக்குகளில் பாதி மூடப்படாமல் கிடந்தன. உலாவி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் பொறுக்காது. ஒன்று திறந்து கிடந்தாலும் மொத்தக் கோப்பும் தள்ளுபடி.

முதலிலிருந்து எழுதினார். இடம். நேரம். எங்கே போக வேண்டும்.

ஐந்து ஐம்பது.

"டீச்சர், இப்ப இது எக்ஸ்எம்எல்தானே? நீங்க சரின்னா அனுப்பிடறேன்."

"சரி," என்றாள் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடி.

அவர் விரல் பொத்தான்வரை போனது. அழுத்தவில்லை. ஏனென்று அவருக்கே தெரியவில்லை. முதல் வரிக்குப் போனார். ஒவ்வொரு டேக்காக, திறந்த இடத்தையும் மூடிய இடத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினார்.

ஏழாவது வரியில் ஒன்று மூடாமல் கிடந்தது.

மூடினார். அனுப்பினார்.

இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு போன் அடித்தது. பின்னணியில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சுண்ணே. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டோம்."

சற்குணம் போனை வைத்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மூடாம இருந்துச்சு, டீச்சர். நீங்க சரின்னு சொன்னீங்க."

"நான் நின்ன இடத்துலேருந்து திரை தெரியாது, சார்."