தென்கரையின் ஒற்றை ஓட்டு

நாணல் அடர்ந்த ஒரு பெரிய ஏரி. அதன் தென்கரையில் செம்மூக்கி என்ற நீர்க்கோழி கூடு கட்டியிருந்தாள். நாலு குஞ்சு பொரித்தாள். இப்போது மிச்சம் இரண்டுதான்.

அங்கே எது காணாமல் போனாலும் உச்சி வெயிலில்தான் போகும். காற்று நிற்கும். தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். அப்புறம் பார்த்தால் ஏதோ ஒரு கூடு காலியாக இருக்கும். ஒரு இறகு இருக்காது, ஒரு சொட்டு ரத்தம் இருக்காது.

ஏரிக்குக் காவல் நாலு ஆள்காட்டிக் குருவிகள். ஆபத்தைக் கண்டால் ஏரியே அதிரும்படி கத்தும். அவை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது ஏரிச் சபை. சபையில் நாலு பேர். நாலு பேரும் வடகரைக் கொக்குகள். காவல் நாலும் வடகரையில்தான் நின்றன.

தேர்தல் அப்படி. ஏரியில் உள்ள எல்லாரும் சேர்ந்துதான் நாலு பேருக்கும் இறக்கை தூக்க வேண்டும். வடகரையில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. மற்ற மூன்று கரையும் சேர்ந்தாலும் அதில் பாதி தேறாது. பிறகு வேறு யார் ஜெயிப்பது?

செம்மூக்கி சபைக்குப் போனாள். ஒரே ஒரு குருவியைத் தென்கரைக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். சபைத் தலைவர் நெடுங்கால் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்.

"நீயா வந்து சொல்றியே, காணாமப் போனவன் எவனாவது வந்து புகார் குடுத்தானா?"

மற்ற மூன்று கொக்குகளும் கழுத்தை ஆட்டிச் சிரித்தன.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கீழ்க்கரை வாத்துகளிடம் போனாள், மேல்கரை ஆமைகளிடம் போனாள். உங்கள் கரையிலிருந்து ஒருவராவது சபையில் உட்கார்ந்ததுண்டா என்று கேட்டாள். அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. கரைக்கு ஒருவரை அந்தந்தக் கரையே தேர்ந்தெடுக்கும்வரை வாத்து பாசி தின்னாது, ஆமை செத்த மீனை அகற்றாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டே நாளில் வடகரைத் தண்ணீர் நாறியது. நெடுங்கால் மூக்கைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தார்.

தேர்தல் கரை கரையாக நடந்தது. கடைசியாகத் தென்கரை. கொக்குகள் வேடிக்கை பார்க்க வந்திருந்தன.

"தென்கரைக்காரங்க எல்லாரும் இறக்கையைத் தூக்குங்க" என்றார் நெடுங்கால்.

நாணல் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அவர் குரல்தான் திரும்பி வந்தது. கொக்குகள் நாணலை விலக்கிப் பார்த்தன. வரிசையாகக் கூடுகள். நாற்பது இருக்கும். எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக, காலியாக இருந்தன.

செம்மூக்கி மட்டும் இறக்கையைத் தூக்கி நின்றாள். "நான் ஒருத்திதான் இருக்கேன் அண்ணாச்சி."

இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை.

ஒரே ஓட்டில் அவள் சபைக்குப் போனாள். அன்றே ஒரு குருவி தென்கரைக்கு வந்தது.

மறுநாள் உச்சி வெயில். காற்று நின்றது. குருவி அலறியது. செம்மூக்கி இரண்டு குஞ்சுகளையும் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவள் கூட்டுக்குக் கீழே ஒரு முதலையின் கண் திறந்தது. அது அவளை நிதானமாகப் பார்த்தது. பிறகு சிற்றலைகூட எழுப்பாமல் வடக்கே திரும்பியது. தென்கரையில் இனி அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை.

தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயிலில் கண் கூசியதால் வடகரைக் குருவிகளுக்கு அது தெரியவில்லை. தெற்கிலிருந்து வந்த அலறலைக் கேட்டுத்தான் கொக்குகள் தாழக் கிடந்த குஞ்சுகளை மரத்தில் ஏற்றின. முதலை வடகரையோரம் மூன்று நாள் வாயைத் திறந்தபடி கிடந்தது. நாலாம் நாள் அதைக் காணவில்லை. எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சபையில் இடமில்லாத கரையை விழுங்கிய ஆபத்து, சபை நடத்தும் கரைக்கும் ஒருநாள் வந்தே தீரும்.