நுரை பொங்கிய அண்டா

“கரடியின் அண்டாவிலா பாயசம்? உள்ளே எட்டிப் பார்த்தாலே பசி ஓடிவிடும். நரி வீட்டு மண்பானையைக் கேட்கலாம்!”

மூங்கில் புதருக்கு அப்பால் மைனா காகத்திடம் சொன்னது, தேனடை தேடி வந்த கரடியின் காதில் விழுந்தது.

அந்தக் காட்டில் ஒரே ஒரு பித்தளை அண்டாதான் உண்டு. யாருக்குக் கல்யாணமானாலும் அதில்தான் பாயசம். முதல் குவளை கரடிக்கு. இன்று மாலை மயிலுக்குக் கல்யாணம்.

கரடி குகைக்கு ஓடிப் பார்த்தது. மைனா சொன்னது உண்மைதான். அண்டா மங்கிக் கறுத்துக் கிடந்தது.

“புளி போட்டுத் தேய், பளபளக்கும்” என்றது குகை வாசலுக்கு வந்த குரங்கு.

கரடி புளியைக் கரைத்து ஊற்றியது.

“புளியா? அடுப்புச் சாம்பல்தான் சரி” என்றது முள்ளம்பன்றி.

கரடிக்கு யார் சொன்னாலும் சரியாகத்தான் படும். புளியின் மேலேயே சாம்பலைக் கொட்டியது. புஸ்ஸென்று நுரை பொங்கியது.

“ஆகா! அழுக்கெல்லாம் பொங்கி வருகிறது!” என்று குதித்தது கரடி.

நுரை அடங்கியது. அண்டா அப்படியே இருந்தது.

“சாம்பல் போதவில்லை” என்றது முள்ளம்பன்றி.

“இரண்டுமே தப்பு. எலுமிச்சம்பழம்!” என்று கத்தியது கிளி.

கரடி எல்லாவற்றையும் போட்டது. மறுபடி நுரை. மறுபடி அதே கறுப்பு.

“இது அண்டாவா, அரக்கனா?” கரடி தலையைச் சொறிந்தது.

தூரத்தில் மரங்கொத்தி கல்யாண மேளம் தட்டத் தொடங்கியது. குரங்கு இன்னோர் உருண்டைப் புளியைக் கரடியின் கையில் திணித்தது. கரடி அந்தக் கையாலேயே அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்துபோய் உட்கார்ந்தது. கையை எடுத்தால், பிடித்த இடம் மட்டும் மின்னியது!

“இங்கே நான் ஒன்றும் செய்யவில்லையே!”

கிளையில் ஒளிந்திருந்த தேவாங்கு மெல்லச் சொன்னது: “அண்ணே, அங்கே புளி மட்டும்தான் பட்டது.”

“அப்படியானால் சாம்பல் கெட்டதா?”

“இல்லை அண்ணே. நேற்று முள்ளம்பன்றி தன் கரண்டியைச் சாம்பலால் மட்டும் தேய்த்தது. அதுவும் மின்னியது.”

“புளியும் நல்லது, சாம்பலும் நல்லது. சேர்ந்தால் மட்டும் ஏன்...?”

“ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடுகிறது போல, அண்ணே.”

கரடி அண்டாவை ஓடைக்கு உருட்டிச் சென்று அலசியது. தேங்காய் நாரில் புளியை மட்டும் தொட்டுத் தேய்த்தது. கிளி ஏதோ சொல்ல வாய் திறந்தது. கரடி திரும்பவே இல்லை. மறுபடி அலசி, ஈரம் போகத் துணியால் துடைத்தது.

அண்டா பளபளத்தது. கரடி ஆசையாக உள்ளே எட்டிப் பார்த்தது. தலையில் புளியும், மூக்கில் சாம்பலும், காதோரம் எலுமிச்சை விதையுமாக ஒரு முகம் கரடியையே பார்த்தது.

கரடி அண்டாவைக் குரங்கின் தலையில் கவிழ்த்து, “கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுபோ” என்று அனுப்பிவிட்டு, ஓடைக்குள் தொப்பென்று குதித்தது.

நீதி: கேட்ட யோசனைகளையெல்லாம் ஒன்றாகக் கலக்காதே, ஒன்றைத் தேர்ந்து அதை முழுதாகச் செய்.