உறுமாத செவலை

காட்டுக்கும் ஊருக்கும் நடுவே யாரும் வேலி போடாத காலம் அது. கருங்குறிச்சி என்றொரு பாளையம். அதை ஆள வேட்டைப் பித்துப் பிடித்த ஒரு பாளையக்காரர். அவருடைய நாய்களைப் பார்த்துக்கொள்ளக் குருந்தன் என்றொரு நாய்க்காரன். சின்னவர்களே, பெரியவர்களே, காது கொடுங்கள். இதை ஒரு கெட்ட நாயின் கதை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்.

நாய்களுக்குள் தலைநாய் செவலை. பன்றித் தடம் பிடிப்பதில் அதை மிஞ்ச வேறு நாய் இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். குட்டியில் பெரிய நாய்களிடம் சோற்றைப் பறிகொடுத்துப் பறிகொடுத்தே வளர்ந்ததால், தின்னும்போது யார் பக்கத்தில் வந்தாலும் உறுமும். யாரையும் கடித்ததில்லை. வந்தவர் விலகினால் பேசாமல் தின்னும்.

அந்தப் பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்து முதல் வேட்டைக்குப் புறப்படும் பூசை நாளில், பாளையக்காரரின் மகன் தன் கையால் தலைநாய்க்குச் சோறு வைக்க வேண்டும். நாய் உறுமினால் அபசகுனம். அந்த இடத்திலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள். அந்த வருஷம், பால்பல் விழாத மகன் முதல்முறையாகச் சோறு வைக்க இருந்தான். செவலையின் உறுமலை எப்படி நிறுத்துவது என்று குருந்தன் மனைவியிடம் புலம்பினான். பிள்ளையில்லாத அவன் வீட்டில் செவலைதான் பிள்ளை.

அவன் மனைவி ஆவுடை சொன்னாள்: "அது திமிருலயா உறுமுது? சோறு போயிருமோன்னு பயந்துல்லா உறுமுது. கிட்ட போம்போதெல்லாம் ஒரு கறித்துண்டு போட்டுட்டு வாங்க. நாம பறிக்க வரல, குடுக்க வாறோம்னு அதுக்கே தெரியட்டும்."

குருந்தன் அப்படியே செய்தான். தூர நின்று போட்டான். கொஞ்சம் கிட்டே நின்று போட்டான். இன்னும் கிட்டே போய்ப் போட்டான். உறுமல் குறைந்தது, வால்கூட லேசாக ஆடியது. ஆனால் பயம் போக நாளாகும், பூசை காத்திருக்குமா?

பாளையக்காரர் ஒருநாள் நாய்க் கொட்டடிக்கு வந்து பார்த்தார். "ஏலே குருந்தா, நாயைப் பழக்குதியா, விருந்து வைக்கியா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குருந்தனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கறியை நிறுத்தினான், பிரம்பை எடுத்தான். உறுமினால் முகத்தில் அடி. உறுமினால் அன்றைக்குப் பட்டினி. உறுமினால் வாயைக் கட்டி வெயிலில் போட்டான். செவலை பாடம் படித்துக்கொண்டது. என்ன படித்தது? உறுமினால் அடி விழும் என்று மட்டும் படித்தது. பழைய பயம் அப்படியே இருந்தது. மனிதன் கை நீண்டால் வலிக்கும் என்ற புதுப் பயமும் அதோடு சேர்ந்தது. சத்தம் மட்டும் நின்றுபோனது.

"பாத்தியா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பீற்றிக்கொண்டான் குருந்தன்.

"வாலைப் பாத்தீங்களா? வயித்துக்கடியில கெடக்கு" என்றாள் ஆவுடை.

"பாளையக்காரரு வாலையா பாக்கப் போறாரு?"

பூசை நாள் வந்தது. கொட்டு முழங்கியது. சிறுவன் இலையில் சோற்றை வைத்தான். செவலை உறுமவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். பாளையக்காரர் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குருந்தனுக்குப் போர்த்தினார். உறுமாத நாய்தானே என்று, தின்றுகொண்டிருந்த அதன் தலையைத் தடவச் சிறுவன் கையை நீட்டினான். முன்பென்றால் உறுமல் கேட்டுக் கையை இழுத்திருப்பான். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. நேரே பல்தான் வந்தது. பிள்ளையின் வலக்கை விரல்கள் போய்விட்டன.

"நன்றி கெட்ட நாய்!" என்றார் பாளையக்காரர். நன்றி கெட்ட நாய் என்றது கூட்டம். நன்றி கெட்ட நாய் என்றது ஊர். நன்றியாம், நன்றி! உண்மை தெரிந்தது குருந்தனுக்கும் ஆவுடைக்கும்தான். போர்த்திய பட்டோடு அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

பழக்கியவனே கொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. தடியோடு அவன் கிட்டே போனபோதும் செவலை உறுமவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடியே, சத்தம் காட்டாமல் செத்தது.

சில நாள் கழித்துப் பாளையக்காரர் ஒரு குட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "அந்த நாய்க்கு அடி பத்தலலே. இதையாவது நல்லா அடிச்சு வளத்துரு."

"உத்தரவு, சாமி" என்றான் குருந்தன்.

கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: பயத்தைப் போக்காமல் உறுமலை மட்டும் அடித்து அடக்குகிறவன், சொல்லாமல் கடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறான்.