வால் நுழையும் துளை

ஓடைக்கரை மேட்டில் எல்லா வளைகளுக்கும் ஒரே மாதிரிக் கதவு. பெருச்சாளி செய்த கதவு. புங்கம்பட்டையில் ஒரு பலகை, அதில் ஒரு சின்னத் துளை. துளைக்கு உட்புறம், மேல்பக்கம் செதுக்கித் திறந்த மூங்கில் குழல். குழல் முடிகிற இடத்தில் தாழ்ப்பாள்.

யார் வந்தாலும் முதலில் வாலைத் துளைக்குள் விட வேண்டும். அது மேட்டின் வழக்கம். உள்ளே இருப்பவர் குழலில் கிடக்கும் வாலை முகர்ந்து பார்ப்பார். தெரிந்த வால் என்றால் கதவு திறக்கும். முயலுக்கு மட்டும்தான் கஷ்டம். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "எட்டுதா? இப்ப எட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கூரி என்ற வயலெலி மூன்று குட்டிகளோடு அந்த மேட்டில் குடியிருந்தது. ஒரு நாள் காலை வயலில் நெல் பொறுக்கிக்கொண்டு பின்வழியாக வீட்டுக்குள் வந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. யாரும் வந்த வாசனை இல்லை. வெளியே படர்ந்த கோவைக்கொடியின் நுனி ஒன்று துளைக்குள் புகுந்து, குழலையும் தாண்டி வளர்ந்து, தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டிருந்தது.

கூரி கொடியைப் பார்த்தபடி நின்றது. குழல் எலி வாலுக்கு அளந்து செய்தது. அதைவிட நீளமான வால் வந்தால்? ஓடைக்கு அப்பால் தாழம்புதரில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. அதன் தலை இந்தத் துளையில் நுழையாது. வால் நுழையும்.

கொடியைக் கடித்து எடுத்துக்கொண்டு கூரி பெருச்சாளியிடம் ஓடியது.

"என் கதவிலா குறை? உங்க அம்மா காலத்துல இருந்து செய்றேன்!" என்றது பெருச்சாளி.

"இவ்வளவு நீள வாலை யாரும் விட்டுப் பார்க்கலை அண்ணே!"

"பாம்பு வந்து வாலைக் காட்டிட்டு நிக்குமா? வழக்கம் தெரிஞ்சவங்கதான் வாலைக் காட்டுவாங்க!"

"இந்தக் கொடிக்கு வழக்கம் தெரியுமா?"

பெருச்சாளி கொடியை வாங்கித் தன் வீட்டுக் கதவிலேயே விட்டுப் பார்த்தது. கதவு திறந்தது. மூடிவிட்டு மறுபடி விட்டது. மறுபடியும் திறந்தது. அதன் மீசை தொங்கிப்போனது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே! மேடு பூரா கூவினா சாரைக்கும் சேர்த்துச் சொன்னதாத்தான் ஆகும். முதல்ல வழி பண்றேன்."

வழி எளிதாக இருந்தது. குழலின் முடிவில் குறுக்காக ஒரு கருவேல முள். நீளமாக எது உள்ளே வந்தாலும் குத்தும். பெருச்சாளி முட்களைச் சீவிக் குவித்தது.

"உன் வீட்டுக்கு எத்தனை?"

"ஒண்ணு போதும்" என்றது கூரி. தன் முன்கதவில் ஒன்றைச் செருகிவிட்டு, மீதியைக் கவ்விக்கொண்டு வீடு வீடாகப் போனது.

முயல் கொட்டாவி விட்டது. "வெயில் தாழட்டும் அக்கா. என் வீட்டுல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?"

"நீ இருக்கியே!"

முயல் உடனே முள்ளை வாங்கிக்கொண்டது.

மூஞ்சூறு மூக்கைத் தூக்கியது. "இது பெருச்சாளி கதவு இல்லை. நானே செஞ்சது! பலகையைப் பாரு, பூவரசு!"

"குழல்?"

"குழல் மட்டும் அவரோடது. நல்லா இருந்தது, எடுத்துப் பொருத்திக்கிட்டேன்."

"பலகை பூவரசா இருந்தா என்ன? தாழ்ப்பாளுக்கு வழி விடுறது குழல்தானே!"

மூஞ்சூறு முணுமுணுத்துக்கொண்டே முள்ளைச் செருகியது.

கூரி வீடு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. குட்டிகள் பின்னாலிருந்த நெல் அறையில் தூங்கின.

சாரை ஓடையைக் கடந்து வந்தது. மேட்டைச் சுற்றிப் பார்த்தது. வாலைக் காட்டிக் கதவு திறப்பதை அது பல நாளாகப் புதரிலிருந்து கவனித்திருந்தது. கூரியின் முன்கதவில் வாலை விட்டது. முள் குத்தியது. வாலை இழுத்துக்கொண்டது.

"தெரிஞ்ச வால் இல்லையே! யார் வீட்டுக்கு வந்தே?" என்று உள்ளிருந்து சிரித்தது கூரி.

வெளியே சருகு நகரும் ஓசை. அதுவும் நின்றது. பிறகு நெல் அறைப் பக்கமிருந்து தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்டது.

பின்வழியிலும் ஒரு கதவு இருந்தது. போன அறுப்பின்போது, நெல் கொண்டுவர வசதியாக, பெருச்சாளியின் பழைய குழல் ஒன்றைப் பொருத்திக் கூரியே வைத்த கதவு. தினமும் அதன் வழியாகத்தான் வந்து போனது. அதை ஒரு கதவு என்று அது நினைத்ததே இல்லை.

கூரி ஓடிப்போய் வாலைக் கடித்தது. சாரை வாலை உருவிக்கொண்டது. அது தலையைத் திருப்பிக்கொண்டு வரும் நேரம்தான் மிச்சம்.

"எழுந்திருங்க! முன்பக்கம் ஓடுங்க!"

இரண்டு குட்டிகள் ஓடின. மூன்றாவது எப்போதுமே தூங்குமூஞ்சி. கூரி அதைக் கவ்வக் குனிந்தபோது, தனக்கும் அதற்கும் நடுவே சாரையின் தலை வந்துவிட்டது.

மூஞ்சூற்றின் வீட்டு வாசலில் கூரி மூச்சிரைக்க நின்றது.

"யாரு? வாலைக் காட்டு!"

கூரி வாலைத் துளைக்குள் விட்டது. கதவு திறந்தது.

"மேடு பூரா முள் கொடுத்தியே, உன் வீட்டுல வைக்கலையா?"

"வெச்சேன்" என்றது கூரி. "முன்கதவுல."

மூஞ்சூறு அதன் பின்னால் நின்ற இரண்டு குட்டிகளையும் பார்த்தது. கதவை அகலத் திறந்து வழிவிட்டது.

எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பொருளில் குறை கண்டவர், அது தம் வீட்டில் எங்கெங்கே பொருந்தியிருக்கிறது என்று கடைசிக் கதவுவரை தேடும் வரையில், அந்தக் குறையைத் தீர்த்தவர் ஆகமாட்டார்.